'ஐ ஆம் இன் பெங்களூர் ஒன்லி': இந்த ஒன்லி தப்பா, சரியா?

அல்சூர்க்காரி · ஜூன் 3, காலை 9.40

நேரா கேள்விக்கு வர்றேன். "ஐ ஆம் இன் பெங்களூர் ஒன்லி", "ஹீ இஸ் லைக் தட் ஒன்லி", "நௌ ஒன்லி ஐ கேம்". இந்த ஊர்ல எந்த ஆபீஸ்லயும் பத்து நிமிஷம் நின்னா இந்த மூணும் காதுல விழும். சொல்றவங்களுக்கும் கேக்கறவங்களுக்கும் ஒரு குழப்பமும் இல்ல. வெளிநாட்டு கிளையன்ட் கால்ல மட்டும் அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி.

புரிஞ்சா சரிதான், இது நம்ம இங்கிலீஷ். இதுதான் என் கட்சி. தப்புன்னா எங்க தப்பு, ஏன் தப்புன்னு சொல்லுங்க. "வினைச்சொல்லுக்கு முன்னாடி போடணும்"னு ஒத்த வரி பதில் வேண்டாம். அது ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க, பிரயோஜனம் இல்ல.

பிழைதிருத்தி · ஜூன் 3, காலை 11.05

மூன்றும் ஒரே ரகத் தவறு இல்லை. ஆனால் மூன்றுக்கும் தாய் ஒன்றுதான்: நம்முடைய "தான்".

தமிழ் இலக்கணத்தில் ஏகாரத்துக்குப் பிரிநிலை, தேற்றம் என்று பொருள் பிரிப்பார்கள். "அவனே கொண்டான்" என்றால் மற்றவர்களிலிருந்து அவனைப் பிரித்துக் காட்டுகிறோம், அது பிரிநிலை. "உண்டே மறுமை" என்றால் யாரையும் எதையும் பிரிக்கவில்லை, உறுதியாகச் சொல்கிறோம், அது தேற்றம். பேச்சுத் தமிழில் "தான்" இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சுமக்கிறது. ஆங்கில ஒன்லிக்கு பிரிநிலை மட்டுமே தெரியும், தேற்றம் தெரியாது. "பெங்களூர்லதான் இருக்கேன்" என்பது தேற்றம். அதை ஒன்லி என்று பெயர்த்தால் கேட்பவர் காதில் பிரிநிலையாக விழுகிறது: பெங்களூரில் மட்டும் இருக்கிறேன், வேறெங்கும் இல்லை. ஓர் ஆளுக்கு இது வெறும் வேடிக்கை. "மை டீம் இஸ் இன் பெங்களூர் ஒன்லி" என்று எழுதினால் வேடிக்கை இல்லை. சென்னையில் உங்களுக்கு ஆளே கிடையாது என்று எதிராளி குறித்துக்கொள்வார்.

சோதனை எளிது. "தான்" இருக்கும் இடத்தில் "மட்டும்" போட்டுப் பாருங்கள். பொருள் மாறவில்லையென்றால் ஒன்லி போடலாம். மாறினால் போடக்கூடாது.

"அவன் அப்படித்தான்." அப்படி மட்டும்? பொருந்தாது. அப்போது "தட்ஸ் ஜஸ்ட் ஹவ் ஹீ இஸ்".

சர்ஜாபுரா சிக்னல் · ஜூன் 3, மதியம் 1.20

கன்னடத்துலயும் இதே கதை சார். "இல்லே இத்தீனி"ன்னா "இங்கதான் இருக்கேன்". அந்த ஏ அப்படியே நம்ம ஏகாரம். பிரிக்கணும்னா "மாத்ர"ன்னு தனியா ஒரு சொல் வெச்சிருக்காங்க. ஹிந்தியில "ஹீ", "யஹீன் ஹூன்". அதனாலதான் இந்த ஊர்ல "ஹியர் ஒன்லி ஸ்டாப்"ன்னு ஆட்டோல சொன்னா தமிழன், கன்னடியன், பிஹாரி மூணு பேருக்கும் ஒரே மாதிரி புரியுது. மூணு பேரும் அவங்கவங்க பாஷையில ஏற்கனவே சொல்றதைத்தான் கேக்கறாங்க. இங்கிலீஷ் அங்க வெறும் சட்டை.

அல்சூர்க்காரி அக்கா, "புரிஞ்சா சரி"ன்னு நீங்க சொல்றது இந்த ஆட்டோ வரைக்கும் செல்லும். அதைத் தாண்டினா செல்லாது.

அல்சூர்க்காரி · ஜூன் 3, மாலை 6.15

மட்டும் சோதனை நல்லா இருக்கு. ஆனா ஓட்டை இருக்கே. "பத்து ரூபாதான்." இதை "பத்து ரூபா மட்டும்"னு மாத்தினா ஒரு மாதிரி இருக்கு. ஆனா "ஒன்லி டென் ருபீஸ்" சுத்தமான இங்கிலீஷ். "நேத்துதான் வந்தேன்", நேத்து மட்டும் வந்தேன்னா அர்த்தமே வேற. ஆனா "ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே" சரிதானே?

பிழைதிருத்தி · ஜூன் 3, இரவு 8.50

சரியான இடத்தில் குத்தினீர்கள். என் சோதனை பாதிதான். திருத்திச் சொல்கிறேன்.

ஒன்லிக்குப் பிரிநிலையோடு இன்னொரு வேலையும் உண்டு: அளவைக் குறைத்துக் காட்டுவது. தமிழில் "வெறும்", "இவ்வளவே". பத்து ரூபாய்தான், மூன்று பேர்தான், நேற்றுதான் (அதாவது வந்து அதிக நாளாகவில்லை). இங்கெல்லாம் ஒன்லி பொருந்தும். ஆக "மட்டும்" போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் "வெறும்" அல்லது "அவ்வளவே" போட்டுப் பாருங்கள். இரண்டுமே ஒட்டவில்லையென்றால் அது வெறும் தேற்றம், ஒன்லியைத் தூக்கி எறியுங்கள்.

எறிந்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் நிஜமான சிக்கல். பெரும்பாலும் எதுவும் வைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் தேற்றம் குரலில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சற்று அழுத்திச் சொன்னால் போதும். எழுத்தில் குரல் இல்லாததால் வாக்கியத்தை மாற்ற வேண்டியிருக்கும். "ராணிதான் சொன்னா" என்பது "இட் வாஸ் ராணி ஹூ டோல்ட் மீ". "அங்கேயே இருக்கு" என்பது "இட்ஸ் ரைட் தேர்". "நான்தான் பேசறேன்" என்று போனில் சொல்வதற்கு "ஸ்பீக்கிங்", ஒரே சொல். "மீ ஒன்லி" வேண்டவே வேண்டாம்.

சர்ஜாபுரா சிக்னல் · ஜூன் 3, இரவு 9.30

இதுலயே ஆபத்தான ஒண்ணை விட்டுட்டீங்க. "நீங்கதான் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னீங்க"ங்கறதை "யூ ஒன்லி டோல்ட் மீ டு ரீஸ்டார்ட்"னு எழுதறாங்க. படிக்கறவனுக்கு அது "ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னதோட சரி, வேற ஒண்ணும் சொல்லல"ன்னு ஆகுது. சண்டை திசை மாறிப் போயிடும். அவன் மத்த ஸ்டெப்பெல்லாம் எழுதின பழைய மெயிலைத் தேடி எடுத்து ஒட்டுவான். இவன், நான் கேட்டது அது இல்லையேன்னு முழிப்பான்.

இலக்கணப்படி சரியானது "யூ வேர் த ஒன் ஹூ டோல்ட் மீ டு". ஆனா அது விரலை நீட்டற மாதிரி இருக்கும். "ஐ ரீஸ்டார்டெட் இட், ஆஸ் யூ ஆஸ்க்ட்". பழி அவன் தலையில, மரியாதை நம்ம கையில.

கப்பன் பார்க் மரம் · ஜூன் 4, காலை 7.55

ஒன்லி நகர்ந்தால் பொருள் நகரும் என்பதை ஒரே வாக்கியத்தில் காட்டிவிடலாம். "கமலா பெய்ட் த டிரைவர் ஹண்ட்ரட் ருபீஸ் எஸ்டர்டே." இதை எடுத்துக்கொண்டு ஒன்லியை ஒவ்வொரு படியாக உள்ளே தள்ளுங்கள்.

"ஒன்லி கமலா பெய்ட்": மற்ற யாரும் கொடுக்கவில்லை. "பெய்ட் ஒன்லி த டிரைவர்": கிளீனருக்குக் கொடுக்கவில்லை. "பெய்ட் த ஒன்லி டிரைவர்": இருந்ததே ஒரு டிரைவர்தான் (இங்கே அது வினையடை இல்லை, பெயரடை ஆகிவிட்டது). "ஒன்லி ஹண்ட்ரட் ருபீஸ்": நூறே நூறு. "ஒன்லி எஸ்டர்டே": நேற்றுதான் கொடுத்தாள், அதற்குள் மறுபடி கேட்கிறானா?

விட்டுப்போனது "கமலா ஒன்லி பெய்ட் த டிரைவர் ஹண்ட்ரட்". இதைத்தான் பள்ளியில் "சரி" என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எழுத்தில் இது ஒன்றுதான் குழப்பம், டிரைவர், நூறு, நேற்று என்று எதற்கும் வளையும். என் விதி: எதைச் சுட்டுகிறதோ அதை ஒட்டி, அதற்கு முன்னால். வேறெங்கும் போடாதீர்கள்.

பிழைதிருத்தி · ஜூன் 4, காலை 10.10

மரத்தாரே, எழுத்துக்குச் சரி. பேச்சுக்கு அந்த "வேறெங்கும்" அதிகப்படி. இங்கிலாந்துக்காரர்கள் பேசும்போது ஒன்லியை வினைக்கு முன்னால் வைத்துவிட்டு, சுட்ட வேண்டிய சொல்லைக் குரலால் அழுத்துகிறார்கள். "ஐ ஒன்லி பெய்ட் ஹிம் *ஹண்ட்ரட்*." யாருக்கும் குழப்பமில்லை. இதைத் தவறு என்று திருத்திக்கொண்டிருந்தவர்களை, ஆங்கில வழக்குக்கு அகராதி எழுதிய ஃபவுலர் 1926லேயே கடிந்துகொண்டாயிற்று. நம் காதுக்கு இது பிடிபடாததற்கும் காரணம் உண்டு. தமிழில் "தான்" சுட்டும் சொல்லின் முதுகிலேயே ஒட்டிக்கொள்ளும், தள்ளி நிற்காது. அதனால் தள்ளி நிற்கும் ஒன்லியைக் கேட்டால் நமக்குத் தவறாகத் தோன்றுகிறது.

பேசும்போது வினைக்கு முன், அழுத்தத்தோடு. எழுதும்போது ஒட்டி. ஒப்பந்தத்தில் எழுதினால் ஒட்டி, பிறகு இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி.

கப்பன் பார்க் மரம் · ஜூன் 4, காலை 10.32

ஒத்துக்கொள்கிறேன். "வேறெங்கும்" வாபஸ்.

மாகடி ரோட் 11 · ஜூன் 4, மதியம் 3.00

எதுக்கு இவ்வளவு? பஸ்ல "லேடீஸ் ஒன்லி"ன்னு எழுதியிருக்கே, அங்க பின்னாடிதானே வருது? அது தப்பா?

கப்பன் பார்க் மரம் · ஜூன் 4, மதியம் 3.25

தவறில்லை. பலகை மொழிக்குத் தனி வழக்கம். "லேடீஸ் ஒன்லி", "கேஷ் ஒன்லி", "ஸ்டாஃப் ஒன்லி", "ஃபார் ஆபீஸ் யூஸ் ஒன்லி". முழு வாக்கியம் இல்லாத துண்டுகளில் ஒன்லி கடைசியில் உட்காரும். ஆனால் கவனியுங்கள், இவை எல்லாமே "மட்டும்" சோதனையில் தேறுகின்றன. பெண்கள் மட்டும், ரொக்கம் மட்டும். பெண்கள்தான் என்று எந்தப் பஸ்ஸிலும் எழுதவில்லை.

செக்கும் அப்படியே. "ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி", தமிழில் "ரூபாய் ஐந்நூறு மட்டும்". பின்னால் யாரும் ஒரு சொல் சேர்த்துத் தொகையை ஏற்றிவிடாதபடி போடும் பூட்டு அது. "ரூபாய் ஐந்நூறுதான்" என்று எழுதிப் பாருங்கள், செக்கே புலம்புகிற மாதிரி இருக்கும்.

ஆக இடம் அல்ல குற்றவாளி. "ஐ ஆம் இன் பெங்களூர் ஒன்லி" பின்னால் வந்ததால் தவறாகவில்லை. முன்னால் கொண்டுவந்து "ஐ ஆம் ஒன்லி இன் பெங்களூர்" என்று எழுதினாலும் அதே தவறுதான், இன்னும் கொஞ்சம் சட்டை போட்ட தவறு.

பிழைதிருத்தி · ஜூன் 4, இரவு 9.15

காலம் சம்பந்தப்பட்டவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் மெயிலில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

"இப்பதான் வந்தேன்", நம்மூர் ஆங்கிலத்தில் "நௌ ஒன்லி ஐ கேம்". சரியானது "ஐ ஹாவ் ஜஸ்ட் கம்" அல்லது "ஐ ஹாவ் ஒன்லி ஜஸ்ட் அரைவ்ட்". நௌ என்ற சொல்லே தேவையில்லை, அந்த வேலையை ஜஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

"அப்பதான் புரிஞ்சுது", "தென் ஒன்லி ஐ அண்டர்ஸ்டுட்". இங்கே ஒன்லி தேவை, ஆனால் முன்னால் வர வேண்டும், வந்தவுடன் வாக்கியத்தின் உட்புறமும் புரள வேண்டும்: "ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டேண்ட்". ஒன்லியோடு ஒரு காலமோ நிபந்தனையோ தலைப்பில் நின்றால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவும். எழுவாயையே ஒன்லி சுட்டினால் தாவாது. "ஒன்லி ரவி கேம்", அவ்வளவே. "ஒன்லி டிட் ரவி கம்" என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

"நாளைக்குத்தான் வருவான்", "டுமாரோ ஒன்லி ஹீ வில் கம்". இதற்கு ஆங்கிலம் எதிர்மறையில் யோசிக்கும்: "ஹீ வோன்ட் பி ஹியர் அன்டில் டுமாரோ". நாளை வரை வரமாட்டான். தமிழில் உடன்பாடாகச் சொல்வதை அங்கே எதிர்மறையாக்கினால் ஒன்லி தானாகக் கழன்றுவிடும். பத்தில் எட்டு இடத்தில் இந்த அன்டில் உங்களைக் காப்பாற்றும்.

சர்ஜாபுரா சிக்னல் · ஜூன் 5, காலை 8.05

அந்தத் தாவலைப் பத்தி ஒண்ணு. வாடகை அக்ரிமென்ட் டிராஃப்ட்ல இப்படி ஒரு வரி வரும், இந்த ஊர்ல டெபாசிட்ல பெயின்டிங் காசு பிடிக்கறது தெரிஞ்ச விஷயம்தானே: "ஒன்லி ஆஃப்டர் பெயின்டிங் த டெபாசிட் வில் பி ரிஃபண்டட்".

மெதுவாப் படிங்க. டெபாசிட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லுது.

தாவ வெச்சா தானா சரியாயிடும்: "ஒன்லி ஆஃப்டர் பெயின்டிங் வில் த டெபாசிட் பி ரிஃபண்டட்". இல்லேன்னா வாலை முன்னாடி கொண்டுவாங்க: "த டெபாசிட் வில் பி ரிஃபண்டட் ஒன்லி ஆஃப்டர் த ஃப்ளாட் ஹாஸ் பீன் பெயின்டட்". ரெண்டாவதுதான் நல்லது. எதுக்குப் பெயின்ட்னும் அதுல இருக்கு. யார் காசுலன்னு எழுதாம விட்டிருக்கே, அதுக்கு ஒன்லி பொறுப்பில்ல.

கப்பன் பார்க் மரம் · ஜூன் 5, காலை 8.40

அதே அக்ரிமென்ட்டில் பார்க்கிங் வரியும் பாருங்கள். "த டெனன்ட் ஷல் ஒன்லி யூஸ் த பார்க்கிங் ஃபார் ஒன் கார்." ஒரு காருக்குத்தானா, காருக்கு மட்டும்தானா, பயன்படுத்த மட்டும்தானா? இரண்டு பைக் நிறுத்தினால் மீறலா? சொல்ல வந்தது ஒரு கார் என்ற எண்ணிக்கை என்றால் "ஃபார் ஒன்லி ஒன் கார்". வாடகைக்கு இருப்பவரின் வண்டி மட்டும் என்றால் "ஒன்லி த டெனன்ட்ஸ் ஓன் வெஹிக்கிள் ஷல் பி பார்க்ட்". பதினொரு மாதம் இதோடு வாழ வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒன்லி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது நல்லது.

மாகடி ரோட் 11 · ஜூன் 5, மதியம் 12.10

"நாட் ஒன்லி பட் ஆல்சோ" பத்தி யாரும் பேசலயே.

பிழைதிருத்தி · ஜூன் 5, மதியம் 1.45

நாட் ஒன்லிக்குப் பின் என்ன வகைச் சொல்லோ, பட் ஆல்சோவுக்குப் பின்னும் அதே வகை. "ஹீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்சோ கன்னடா" என்பது நொண்டுகிறது. முதலில் வினை, அடுத்தது மொழிப்பெயர். "ஹீ ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்சோ கன்னடா." தலைப்பில் வைத்தால் இதற்கும் தாவல் உண்டு: "நாட் ஒன்லி டஸ் ஹீ ஸ்பீக் தமிழ்…" உண்மையைச் சொன்னால், "ஹீ ஸ்பீக்ஸ் தமிழ் அண்ட் கன்னடா" போதும். முக்கால்வாசி மெயில்களில் இந்தத் தொடருக்கு வேலையே இல்லை.

இஃப் ஒன்லி, ஒன்லி இஃப் இரண்டையும் மாற்றிப் போடுவதும் சகஜம். ஒன்லி இஃப் நிபந்தனை: இது நடந்தால் மட்டுமே அது. இஃப் ஒன்லி ஏக்கம்: "இஃப் ஒன்லி த மெட்ரோ ரேன் ஆல் த வே டு ஹோசூர்." ஓடவில்லை, பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது, அதனால் ரேன் என்று இறந்தகாலம்.

"ஒன்லி டூ ஹாப்பி டு ஹெல்ப்" என்று பதில் வந்தால் பயப்படாதீர்கள். ரொம்ப சந்தோஷமாக உதவுகிறேன் என்று பொருள். குறைக்கவில்லை, கூட்டுகிறது.

சர்ஜாபுரா சிக்னல் · ஜூன் 5, மாலை 5.30

வினை ஒருமை பன்மையும் ஒன்லியால மாறும். "ஷீ இஸ் ஒன் ஆஃப் த டெஸ்டர்ஸ் ஹூ நோ கன்னடா": தெரிஞ்சவங்க பல பேர், அவங்கள்ல இவ ஒருத்தி, அதனால நோ. "ஷீ இஸ் த ஒன்லி ஒன் ஆஃப் த டெஸ்டர்ஸ் ஹூ நோஸ் கன்னடா": தெரிஞ்சது இவளுக்கு மட்டும், அதனால நோஸ்.

அல்சூர்க்காரி · ஜூன் 5, இரவு 10.20

சரி, கட்சி பாதி மாறிட்டேன். ஆனா தேற்றத்துக்கு ஒன்லி போடாதேன்னா நம்ம ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க, "இட்செல்ஃப்"புக்குப் போயிடுவாங்க. "டுடே இட்செல்ஃப் ஐ வில் சென்ட்", "மார்னிங் இட்செல்ஃப் ஐ டோல்ட்". இது எந்த ஏகாரம்?

பிழைதிருத்தி · ஜூன் 6, காலை 7.30

அதே தேற்ற ஏகாரம், சட்டை மட்டும் வேறு. இன்னைக்கே, காலையிலயே. இதிலும் பெரும்பாலும் வெட்டிவிடலாம்: "ஐ வில் சென்ட் இட் டுடே". அவசரம் தெரிய வேண்டுமென்றால் "பிஃபோர் த எண்ட் ஆஃப் த டே". "காலையிலயே சொன்னேனே" என்பதற்கு "ஐ டோல்ட் யூ திஸ் மார்னிங்", அழுத்தம் மார்னிங்கில். இட்செல்ஃப் ஒரு பொருளோடு ஒட்டினால் சரி: "த ரிப்போர்ட் இட்செல்ஃப் இஸ் ஃபைன், த கவர் மெயில் இஸ் நாட்". அங்கே அது ரிப்போர்ட்டைக் கவர் மெயிலிலிருந்து பிரிக்கிறது.

"சும்மா வந்தேன்" என்பதை "சிம்ப்ளி ஐ கேம்" என்று சொல்வது அடுத்த திண்ணை. அதற்கு இன்னொரு நாள்.

கப்பன் பார்க் மரம் · ஜூன் 6, காலை 8.15

ஓர் உபரி. ஒன்லி என்பதே பழைய ஆங்கிலத்தில் "ஒன்று" என்ற சொல்லோடு "போல" சேர்ந்தது. ஒன்றைப் போன்றது, அதாவது தனியானது. அலோன் என்பதும் "ஆல்", "ஒன்" இரண்டும் ஒட்டியதே. பிறப்பிலேயே பிரிக்கிற சொல், தேற்றத்துக்கு வளையாததில் வியப்பில்லை.

அல்சூர்க்காரி · ஜூன் 6, காலை 9.05

கடைசியா ஒண்ணு. டீமுக்கு மெயில் எழுதி வெச்சிருக்கேன், அனுப்பல. "வியாழக்கிழமைதான் வருவேன்"ங்கறதுக்கு "ஐ வில் பி இன் ஒன்லி ஆன் தர்ஸ்டே". ஒட்டிப் போட்டாச்சு. சரியா?

பிழைதிருத்தி · ஜூன் 6, காலை 9.20

இலக்கணம் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை வருவீர்களா?

அல்சூர்க்காரி · ஜூன் 6, காலை 9.22

வருவேனே.

பிழைதிருத்தி · ஜூன் 6, காலை 9.25

அப்படியென்றால் "ஐ வோன்ட் பி இன் அன்டில் தர்ஸ்டே".